ஏழாவது தடம்

மதியம் இரண்டு பத்து.

இரவாக இருந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். பட்டப்பகல். ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. நான் தனியாகவும் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

குளிர்பதனக் கிடங்குகளைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்பலகைக்குக் கெர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். இயங்குதளத்தின் அடி ஆழத்தில் ஓடும் நிரல் அது. முதல் பலகை அக்கா கணவர் வேலை பார்க்கும் கிடங்குக்குப் போக வேண்டும். உறைகுளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. "அழுத்தினா வெளிய அலறும் மாமா. நான் பொறுப்பு" என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஒவ்வொரு சாதனமும் கெர்னலைக் கூப்பிட ஒரு தடம் இருக்கும். எது எந்தத் தடத்தில் கூப்பிடுகிறது என்பதைக் கெர்னலே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எல்லாத் தடங்களையும் திறந்துவைத்து, சாதனங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடச் சொல்வோம். காதில் விழட்டும் என்று ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டியிருந்தேன்.

வெப்பமானி மூன்றில் கூப்பிட்டது. கதவு ஐந்தில். பிறகு, நான் எதையும் கேட்காமலே, ஏழு.

டிக் டிக் டிக்.

நின்றது. மறுபடியும் டிக் டிக் டிக்.

எதிர்மேஜை நண்பன் எழுந்து வந்தான். நாள் முழுக்க ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைப்பவன் என்பதால் அவனுக்கு ஈயம் என்று பெயர். பலகையைத் திருப்பிப் பார்த்தான்.

"ஏழுல ஒண்ணுமே இல்லடா. கம்பியே கிடையாது."

"அப்ப யாரு கூப்பிடறது?"

"உன் மாமியாரா இருக்கும். நீ போனை எடுக்கலைன்னு இதுல வந்துட்டாங்க."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஒரு கம்பியால் ஏழாம் தடத்தைக் கிரவுண்டோடு, அதாவது பூமி இணைப்போடு, சேர்த்துப் பிடித்தான். அப்படிச் செய்தால் எந்தத் தடமும் வாயடைத்துப்போகும்.

டிக்... டிக்... டிக்.

இடைவெளி கூடியிருந்தது. ஈயம் வெடுக்கென்று கையை எடுத்தான்.

"சிப்பு ஐஸா இருக்குடா."

ஓடும் சிப் சுடத்தான் செய்யும். தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டிக்கொண்டது.

டிக்......

நிற்கவில்லை. ஒரே இழுப்பு. யாரோ முழு உடம்பையும் சாய்த்து அழுத்துவதைப்போல.

"மூடுடா அதை!"

ஒரே வரி எழுதினேன். இனி ஏழில் எது வந்தாலும் கெர்னல் காதில் வாங்காது.

அமைதி.

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஈயம் கேட்டான். "குளிர் அறைக்குள்ள வைக்கற பொத்தானை ஏழுல போடட்டுமா? சும்மாதான கிடக்கு?" வேறு வேலையில் இருந்தேன். தலையை நிமிர்த்தாமல் "போடு" என்றேன். ஏழாம் தடத்தை மூடிய அந்த வரியை நீக்கவில்லை. கிடங்கில் பலகையைப் பொருத்திய அன்றும் பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். அழுத்திப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமா உள்ளே இருக்கும்போது கதவு இறுகிக்கொண்டது. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்துதான் அவரைத் தூக்கினார்கள்.

மருத்துவமனையில் அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. எத்தனை விரல் மிஞ்சும் என்று தெரியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணு மூணா அழுத்தினேன்பா" என்றார் மாமா. "விரல் மரத்துப்போச்சு. அப்புறம் அப்படியே அது மேல சாஞ்சுட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"நடுவுல ரெண்டு பேர் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பாடா, காதுல விழுந்துடுச்சு, வந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

மூச்சு வாங்கினார்.

"அப்புறம் ஒருத்தன் 'மூடுடா அதை'ன்னான். பொத்தான் விளக்கு அணைஞ்சுபோச்சு."

கட்டுப் போட்ட கை என் பக்கம் நகர்ந்தது.

"யாருப்பா மூடினது?"