பனித் தெருவில் காய்ந்த தப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மத்தியானம். ஆண்டுதோறும் சர்வதேசக் குளிர்காலக் கலைவிழா நடக்கும் ஒரு வெளிநாட்டு நகரம். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, மண்டபத்தின் பின்னறையில், இலங்கையின் யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றின் தப்பு மேளக் குழு. ஐந்து பேரும் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். இந்த ஒரு மேடைக்காகவே பாஸ்போர்ட் எடுத்தவர்கள். ஆறாவது ஆள் நான். ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் என்பதால் மொழிபெயர்ப்பாளர், முகாமையாளர், விளக்கவுரையாளர் என்று மூன்று பதவிகளை எனக்கு நானே கொடுத்திருந்தேன்.

மேடையேற ஐம்பது நிமிடம் இருந்தது. தப்பின் வரலாறு பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிய உரையைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். குழுத் தலைவர் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சேர், நெருப்பு எங்க போடுறது?"

எதற்கு நெருப்பு என்றேன். அவர் தப்பை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். ஈரச் சாக்கை அடித்ததுபோல் இருந்தது. குளிரில் தோல் தொய்ந்துபோயிருந்தது. நெருப்பில் காய்ச்சினால்தான் அது விறைக்கும். விறைத்தால்தான் சத்தம் வரும்.

விழாக்காரர்கள் முன்கூட்டியே அனுப்பிய படிவத்தில், நிகழ்ச்சிக்கு நெருப்புத் தேவையா என்று தெளிவாகக் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியவன் நான். முப்பது வருடமாகத் திருவிழாவில் தப்பு கேட்கிறவன், இதைப் போய் யாரிடம் கேட்பது?

"நீங்க முன்னுக்கு கதிரையில இருப்பீங்க சேர். நாங்க கோயிலுக்குப் பின்னால, காஞ்ச றப்பர் எலைய கூட்டிப் போட்டு காய்ச்சுவோம். நீங்க அந்தப் பக்கம் வந்ததே இல்லையே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடைப் பொறுப்பாளரிடம் ஓடினேன். கட்டடத்துக்குள் தீக்குச்சிகூட உரசக் கூடாது, முன்பே சொல்லியிருந்தால் முற்றத்தில் ஏற்பாடு செய்திருப்போம் என்று அவர் வருத்தப்பட்டு, தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்றைத் தந்தார். பத்து நிமிடம் பிடித்தோம். தப்பு, ஜலதோஷம் பிடித்த ஆடுபோல் செருமியது.

"பரவாயில்ல சேர், நீங்க ஒங்க பேச்சையே ரெண்டு தரம் பேசிருங்க," என்றார் குழுவில் ஒருவர்.

தலைவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத் தெருவில் ஒரு பெண், தள்ளுவண்டியில் கரி அடுப்பு வைத்து வற்றாளைக் கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். தலைவர் தப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால்.

நான் இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் வேண்டுகோள் வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தமிழ் தெரியாதவர் என்றால் சிங்களம் பேசுவது எங்கள் ஊர்ப் பழக்கம். கொஞ்சம் சூடாக்கிக்கொள்ள விடுங்கள் அக்கா என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். அதுவும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் கூடவே தோலைத் தட்டினார், தணலைக் காட்டினார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றித் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கிழங்குகளையெல்லாம் ஓரமாகத் தள்ளினார். வாங்க நின்றவர்களைக் கையைக் காட்டி நிற்கவைத்தார்.

முதல் தப்பு தணலுக்கு மேல் சுழன்றது. தலைவர் குச்சியால் ஒரு அடி அடித்தார். சத்தம் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தும் காய்ந்தபோது தெருவே எங்களைச் சுற்றி நின்றது. மறுபடி தொய்வதற்குள் மேடைக்குப் போகவேண்டுமே! அடித்துக்கொண்டே ஓடினார்கள். கூட்டம் பின்னால் ஓடியது. வண்டியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுக் கிழங்கு விற்ற பெண்ணும் ஓடிவந்தார். மண்டபத்தில் ஒருவரும் உட்காரவில்லை. என் பன்னிரண்டு பக்கங்களை யாரும் கேட்கவுமில்லை. நான் மேடையோரம் ஆடிக்கொண்டிருந்ததற்குப் புகைப்படச் சாட்சி உண்டு. ஆட்டம் என்று அதைச் சொல்லலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற விஷயங்களைப் பற்றித்தான் இப்போதெல்லாம் முதலில் பிறரிடம் கேட்கிறேன். அவர்களும் யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்ததுபோல் சொல்லத் தொடங்குகிறார்கள்.