எட்டாம் நம்பர் மாப்பிள்ளை

“மாப்பிள்ளை, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்குங்க. சாயந்திரம் ஓடணும்ல” என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் உபசரித்த அதே வாய்தான், மாலையில் கிழக்கு கேலரியின் மேல்படியில் நின்றுகொண்டு, “டேய் எட்டு! முன்பக்கம்னு ஒண்ணு இருக்கு, பார்த்திருக்கியா?” என்று கத்தும். கத்தி முடித்ததும் கழுத்தில் தொங்கும் பெரிய டிரம்மில் நாலு அடி விழும். சுற்றியிருக்கும் கூட்டம் அதை வாங்கிக்கொண்டு, “ரிட்டர்ன் டிக்கெட்! ரிட்டர்ன் டிக்கெட்!” என்று பாட ஆரம்பிக்கும்.

டிரம் அடிப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எட்டாம் நம்பர் சட்டைக்காரன் அவருடைய ஒரே மகளைக் கட்டியவன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது டிரைவரின் கொள்கை. “வீட்ல அவர் மாப்பிள்ளை. மைதானத்துல எட்டாம் நம்பர். பையன் தங்கம், இல்லேங்கல. ஆட்டம்தான் தகரம்” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவனுக்கு முன்னால் அந்தச் சட்டையைப் போட்டிருந்தவனை ஊரே பம்பரம் என்றுதான் கூப்பிட்டது. பந்து காலில் பட்டால் நாலு பேரைச் சுற்றிவிட்டுத்தான் விடுவான். பெரிய கிளப் ஒன்று பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட, அந்த இடத்துக்கு வந்தவன் இவன். பந்து வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுவான், இல்லையென்றால் பின்னால் நிற்பவனுக்கு. வாணவேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு டார்ச் லைட் அடித்துக் காட்டியது போல இருந்தது அது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ரிட்டர்ன் டிக்கெட். வந்த வழியே திரும்பிப் போ என்ற ஆசையும் அதற்குள்ளேயே இருந்தது.

காலை வேளைகளில் அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டாம் நிலைக் கால்பந்து கிளப்பில் ஆடுகிற எல்லோருக்குமே இப்படி ஒரு காலை வேலை உண்டு. மேஜைமேல் பழைய கம்பளியை விரித்து, கண்ணாடியைப் படுக்கவைத்து, முதலாளி ஒரே மூச்சில் கோடு கிழிப்பார். கோட்டின் அடியில் லேசாகத் தட்டினால் ரொட்டியைப் பிட்டது போல இரண்டாகும். அது அவர் வேலை. வெட்டியதை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவனும் நெட்டை என்கிற கூட்டாளியும். ஆளுயரக் கண்ணாடி என்றால் முன்னால் நெட்டை, பின்னால் இவன். முன்னால் போகிறவனுக்குக் காலடியைப் பார்க்கத்தான் கண் சரியாக இருக்கும். மற்றதையெல்லாம் பின்னால் வருகிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும். “படி ஒண்ணு.” “இடப்பக்கம் சைக்கிள்.” “நில்லு, கதவு திறக்குது.” “வா, காலி.”

“கண்ணாடி தூக்கறவன் வாய மூடினா நான் கடையை மூட வேண்டியதுதான்” என்பார் முதலாளி.

காலை முழுக்க அப்படிப் பேசிய வாய் மாலையில் மட்டும் சும்மா இருக்குமா? மைதானத்திலும் அவன் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருந்தான். முக்கியமாக இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனிடம். அவனுக்குக் குதிரை என்று பெயர். பந்தைக் கண்டால் முன்னால் பாய்ந்துவிடுவான், திரும்பி வரத்தான் மறந்துவிடுவான். குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குக் காவல் நிற்பது எட்டாம் நம்பரின் வேலை. ஆனால் கிழக்கு கேலரி எல்லைக்கோட்டிலிருந்து தள்ளி, உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஓடுகிற குதிரை தெரியும். பின்னால் நிற்கிறவன், வேலை இல்லாமல் நிற்கிறவனாகத் தெரிவான். அவன் பேச்சாவது காதில் விழுமா என்றால், டிரம் சத்தத்தில் தங்கள் பேச்சே அவர்களுக்குக் கேட்காது.

அவனுக்குக் கோபம் வந்ததில்லை என்றால் பொய். கோபத்தைவிட அதிகமாக வந்தது சந்தேகம். ஆயிரம் பேர் ஒரே மாதிரி சொன்னால் அதில் பாதியாவது உண்மை இருக்காதா? நான் பத்திரமாக ஆடுகிறேனா, பயந்து ஆடுகிறேனா? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கே என்று அவனுக்கே சில நாள் தெரியவில்லை. கோச் “நீ ஆடறதை ஆடு” என்பார். ஆனால் கோச்சின் சொல் உடைமாற்றும் அறையோடு சரி, கேலரிவரை ஏறாது.

இந்தச் சமயத்தில்தான் அவன் பிறந்த ஊர் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் பதில் சொன்னால் போதும் என்றார்கள்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று சாயந்திரம் அவள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“போயிடலாமா?”

“எதுக்கு? அப்பா கத்தறாருன்னா?”

“அவர் ஒருத்தர்னா காதுல பஞ்சு வெச்சுக்கலாம். ஊரே கத்துதே.”

“நான் வரேன், அதுல ஒண்ணுமில்ல. ரத்தம் எல்லா ஊர்லயும் சிவப்புதான், வேலை கிடைக்கும்.” அவள் தட்டை அடுக்கிவிட்டுத் திரும்பினாள். “ஆனா உங்களுக்குப் பிடிச்சுப் போறீங்களா, துரத்தறாங்கன்னு போறீங்களா? அதை மட்டும் யோசிங்க. துரத்தறாங்கன்னு போனா அங்க போயும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே இருப்பீங்க.”

அவனுக்குப் பிடித்த ஊர் இதுதான். கண்ணாடிக் கடை பிடித்திருந்தது, குதிரையைக்கூடப் பிடித்திருந்தது. இந்த ஊருக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சீசன் முடியச் சில ஆட்டங்களே இருந்த நேரத்தில் ஒரு பெருங்காற்றில் கிழக்கு கேலரியின் கூரைத் தகடுகள் தளர்ந்தன. சரிசெய்யும்வரை யாரும் ஏறக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். கூட்டத்தை மேற்குப் பக்கம் அனுப்பினார்கள். அது தாழ்வான கேலரி, எல்லைக்கோட்டை ஒட்டியே நீளமாகப் போகும். முதல் வரிசையில் உட்கார்ந்தவன் காலை நீட்டினால் லைன்ஸ்மேன் தடுக்கி விழுவார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி. அதனால் டிரம், ஊதல் எதற்கும் அனுமதி இல்லை. வாய்க்கு மட்டும்தான் அனுமதி.

டிரைவர் டிரம்மை வாசல் காவலாளியிடம் ஒப்படைத்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் தாளம் போட்டார்.

எட்டாம் நம்பர் அந்த முதல் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இதுவரை வசவெல்லாம் டிரம்மோடு கலந்து கூழாகத்தான் காதில் விழும். இன்றைக்கு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக விழப்போகிறது. எதிரே ஆட வந்திருப்பதோ பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணி.

ஆட்டம் தொடங்கியதும் இவனும் வழக்கம்போல் தொடங்கிவிட்டான். முதல் பாதியில் குதிரையின் பக்கம்தான் மேற்கு கேலரியை ஒட்டியிருந்தது.

“குதிரை, போ, நான் நிக்கறேன்... கேப்டன், வலது தோள்ல ஆள்... விடு விடு, வெளிய போகும்...”

முதல் வரிசையில் தையல் கடை அக்கா உட்கார்ந்திருந்தார். தொண்டையில் டிரைவருக்கு நிகர் அவர் ஒருவர்தான். “யாருக்குய்யா இவன் ரேடியோ வாசிக்கிறான்?” என்றார். சுற்றிலும் சிரிப்பு.

“பந்தை முன்னாடி தட்டத் தெரியாதவன் வாயாலயாவது தட்டட்டும்” என்றது பின்வரிசை.

பந்து வெளியே போனது. சொன்னபடியே போனது. அக்கா சிரிப்பதை நிறுத்தினார். சற்று நேரம் பந்தை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தார். “வலப்பக்கம் காலி” என்றான், அங்கே காலியாக இருந்தது. “ரெண்டு பேர் வரானுங்க” என்றான், இரண்டு பேர் வந்தார்கள்.

அடுத்த முறை இவன் காலில் பந்து வந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் தட்டினான். கூட்டம் “ரிட்டர்ன்...” என்று ஆரம்பித்தது. அக்கா எழுந்து நின்றே விட்டார்.

“இருங்கய்யா! முன்னாடி ரெண்டு தடியனுங்க வாயைத் திறந்துட்டு நின்னானுங்க, நான் பார்த்தேன். குடுத்திருந்தா அப்படியே முழுங்கியிருப்பானுங்க!”

பாட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவன் சொல்வதும் அது நடப்பதும், அவன் சொல்வதும் அது நடப்பதும். சில இடத்தில் அவன் சொல்லியும் கேட்காமல் குதிரை சொதப்பினான். அப்போது, “அவர்தான் சொன்னாரேடா, காது என்ன கழட்டி வெச்சுட்டு வந்தியா?” என்று ஒரு குரல் வந்தது. ‘அவர்’ என்றது எட்டாம் நம்பருக்குக் கேட்டது. யாரைச் சொல்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தான்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாற, குதிரையோடு இவனும் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். மேற்கு கேலரிக்கு இப்போது சரியாகக் கேட்கவில்லை.

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா, என்ன சொல்றார்னு கேக்கல.”

“ஷ்ஷ்! தொண்டையைக் கனைக்காதேய்யா!”

ஊரிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற கூட்டம் ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நம்பிக்கை போய்த்தான் இப்படி அமைதியாகிவிட்டார்கள் என்று எதிரணி ஆட்கள் நினைத்திருக்க வேண்டும். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. முதலிடத்துக்காரனிடம் தோற்காமல் இருப்பதே ஒரு கோலுக்குச் சமம். எழுந்து நின்று கைதட்டினார்கள். அது அணிக்கா தனக்கா என்று அவன் பிரித்துப் பார்க்க முயலவில்லை. பிரித்துப் பார்த்து ஏமாந்துபோக அவனுக்கு விருப்பமில்லை.

வாசலில் டிரம்மைத் திரும்ப வாங்கிக்கொண்டு டிரைவர் நின்றிருந்தார். முகத்தில் ஒரு மாதிரியான கடுகடுப்பு. மன்னிப்பு, வருத்தம் என்றெல்லாம் அவர் அகராதியில் சொற்கள் கிடையாது.

“மாப்பிள்ளை, அந்தக் குதிரைப் பயலைக் கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதா? இவ்வளவு நாளா அவன் ஓட்டையைத்தான் நீங்க அடைச்சிட்டு இருந்தீங்களா? அடுத்த வாரம் அவனை ஒரு வழி பண்றேன் பாருங்க.”

“ஐயோ மாமா, அவனை விட்டுடுங்க. அவன் ஓடறதாலதான் நமக்குக் கோல் வருது. அவன் ஓடட்டும், நான் நிக்கறேன். ரெண்டு பேரும் ஓடினா வீட்டை யார் பாத்துக்கறது?”

டிரைவர் யோசித்தார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். “கண்டக்டர் மாதிரியா?” என்றார் கடைசியில். “பின்னாடி நின்னு ‘வரலாம் வரலாம்’னு சொல்றவன் இல்லாம நான் ஒரு நாள் வண்டியைப் பின்னால எடுத்ததில்ல.” டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் தையல் கடையில் ஒரு பஞ்சாயத்து நடந்ததாக மனைவி வந்து சொன்னாள். கிழக்கே போனால் டிரம் அடிக்கலாம், மேற்கே இருந்தால் பேச்சு கேட்கலாம். இளவட்டங்கள் கிழக்கு என்றார்கள். அக்கா, “நான் கீழதான் உக்காருவேன், எனக்கு ஆட்டம் புரியற இடம் அதுதான்” என்றாராம். டிரைவர் டிரம்மை இளவட்டங்களிடம் கொடுத்தாராம். “தோலை வெயில்ல வைக்காதீங்கடா” என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் அவர் முதல் வரிசையில், அக்காவுக்குப் பக்கத்தில். எட்டாம் நம்பர் பார்த்தான். சந்தோஷமாக இருந்தது, கூடவே ஒரு பயம். அந்த மனுஷரால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியாதே.

முடியவில்லை. இவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் திறந்தார். “மாப்பிள்ளை, இடப்பக்கம்! மாப்பிள்ளை, கேப்டன் காலி!” பாதி சரி, பாதி தப்பு. மைதானத்தில் எட்டாம் நம்பர் என்ற கொள்கை காற்றில் போயிருந்தது. இரண்டாம் பாதியில், இவன் பந்தோடு திரும்ப இருந்த நேரம், “பின்னாடி ஆள்! பின்னாடி ஆள்!” என்று அலறினார். கண்ணாடிக் கடைப் பழக்கதோஷம், இவனும் நம்பிவிட்டான். சட்டென்று ஒதுங்கினான், பந்து நழுவியது, எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னால் யாரும் இல்லை. குதிரை எங்கிருந்தோ ஓடிவந்து, ஆம், திரும்பி ஓடிவந்து, அதை வெளியே உதைத்தான்.

எட்டாம் நம்பர் வசவுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டான். வசவு வந்தது. மேற்கு கேலரி முழுக்க ஒரே குரலில் வந்தது.

“யோவ் டிரைவரே, வாய மூடுய்யா! அவர் வேலையை அவர் பாக்கட்டும்!”

“ஆட விடுய்யா மனுஷனை!”

“இவரைக் கிழக்கால அனுப்புங்கப்பா!”

தையல் கடை அக்கா டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு எட்டாம் நம்பர் சிரித்துவிட்டான். பந்தைத் தொலைத்துவிட்டு அவன் சிரித்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நடுவர் ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று மாலை மாமனார் வீட்டில் டிரைவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் தேநீர் கொண்டுபோய் வைத்தும் எடுக்கவில்லை.

“ஊரே சேர்ந்து என்னைத் திட்டுது” என்றார் சுவரிடம். “அதுவும் சொந்த மாப்பிள்ளைக்கு நல்லது சொன்னதுக்கு.”

“பழகிடும் மாமா” என்றான் இவன். “எனக்குப் பழகலையா?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். டிரைவர் நாற்காலியைத் திருப்பினார்.

“பின்னாடி ஆள் இருந்தானா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“இருந்தான் மாமா. நம்ம கோல்கீப்பர்.”

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். “அடுத்த சீசனுக்குள்ள ஒரு நல்ல கண்ணாடி வாங்கணும்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

இவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பிறந்த ஊர் கிளப்காரர் நல்ல மனிதர், இரண்டு முறை காரணம் கேட்டார். இவன் யோசித்துப் பார்த்தான். சொன்னால் அவருக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

“இங்கயே இருக்கேங்க” என்றான். “அடுத்த சீசன்ல மாமாவுக்குக் கொஞ்சம் ஆட்டம் சொல்லிக்குடுக்கணும்.”