தலைமாட்டில் ஒரு ‘புவாசா’ அட்டை

‘அவருக்குப் பழக்கம்தானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

பினாங்கில் அறுவை சிகிச்சை வார்டில் நான் தாதி. அன்று பித்தப்பைக் கல்லை எடுக்கக் காத்திருந்தவர் ஆயர் ஈத்தாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் ‘நானா’. கட்டில் தலைமாட்டில், நோன்பு என்று மலாயில் எழுதிய ‘புவாசா’ அட்டை தொங்கியது. நடுராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. காலையில் நடக்கவேண்டிய ஆப்பரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனது. அவசர கேஸ் வந்தால் அப்படித்தான், அதற்கு யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் என்ன பாவம் செய்தது?

மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலானவர்கள் வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆய்வுகள் சொல்லி எத்தனையோ வருடமாகிறது. வார்டுக் கூட்டத்தில் நானே அதை விளக்கிப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கறிபாப் பலகாரம் சாப்பிட்டார்கள், போய் அதே அட்டையை மாட்டினார்கள்!

உதடு வெடித்து, தலைவலியோடு கிடந்தவரைக் காட்டி, தண்ணீராவது கொடுக்கலாமே என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டேன்.

“நானா மாசம் முழுக்க நோன்பு பிடிக்கிறவரு. ஒரு நாளு தாங்குவாரு லா. டாக்டர் ஏசினா நீ வாங்கிக்கிறியா?” என்றார் சிஸ்டர்.

அது நானா காதில் விழுந்துவிட்டது.

“நோன்புன்னா விடியுமுன்ன சஹர் சாப்பிட்டுத்தானே பிடிக்கிறோம்,” என்றார் மெதுவாக.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மயக்க மருந்து டாக்டருக்கே போன் போட்டேன்.

“தண்ணி குடுக்கக்கூடாதுன்னு யார் சொன்னா? இப்பவே குடுங்க. அவரைக் கூப்பிட இன்னும் நேரமாகும்,” என்றார்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். “அப்படியா? நான் டாக்டருங்க ரூல்னு நெனச்சேன். சரி, குடு,” என்றார். அடக் கொடுமையே! யாரும் போடாத சட்டத்துக்கு ஒரு மனிதர் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்.

தம்ளரை நீட்டினேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் தேத்தண்ணீர் ஆற்றிக் கொடுக்கிறவர் அதைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.

“வேணாம் தங்கச்சி. உனக்கு ஏச்சு விழும். நான் தாங்கிக்குவேன்.”

அட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். “டாக்டரே சொல்லிட்டாரு நானா, குடிங்க.”

குடித்தார். ஏதோ திருடுகிறவர்போல வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டே, அவசர அவசரமாகக் குடித்தார். வெறும் தண்ணீரை!