இருவரும் சொன்ன வார்த்தை

என் வீட்டு மாடியில் சாத்தி வைத்திருக்கும் பிளைவுட் பலகையின் மேல்விளிம்பில் ஓர் அரிவாள் வெட்டு இருக்கிறது. இரண்டு விரல் ஆழம். தூக்கிப் போடச் சொல்லி என் மனைவிக்கு வாய் வலித்துவிட்டது. எனக்குத்தான் மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். அதை நடத்திய மேடத்துக்கு ஒரு பித்து. இணையத்தில் படத்தைத் தேட முடியவில்லை, படத்தில் என்ன இருக்கிறதென்று மெஷினுக்குத் தெரியாது, மனுசன்தான் சொல்ல வேண்டும் என்பார். சும்மா கேட்டால் எவன் சொல்வான்? அதனால் விளையாட்டாக்கினார். நடுவில் இந்தப் பலகை. இரு பக்கமும் கம்ப்யூட்டர், இரண்டிலும் ஒரே படம். ஆடுகிறவர்கள் வேறு வேறு வாசலில் வருவார்கள். எதிரில் யாரென்று தெரியாது. பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்த சென்டர் ஆட்கள் நாங்கள், ஆடுகிறவர் காதில் கிசுகிசுக்கும் வார்த்தையைத் தட்டுவோம். இருவர் வார்த்தையும் ஒத்துப்போனால் மணி அடிக்கும், ஆளுக்கொரு கோலி சோடா, அந்த வார்த்தை படத்தோடு சேரும். "ஒருத்தரு மட்டும் சொன்னா அது அவுக நெனப்பு. ரெண்டு பேரும் சொன்னாத்தான் அது படத்துல இருக்கு" என்பது அவருடைய வேதவாக்கு. மணி அடித்ததும் எழுந்து பலகைக்கு மேலே கைகுலுக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கைகுலுக்கலாம் கைகுலுக்கல்! அதுதான் வினையாக முடிந்தது.

அன்று என் பக்கம் உட்கார்ந்தவர் வாசலில் இளநீர் வெட்டுகிற அண்ணன். கல்லல் பக்கத்து ஆள். இடுப்பில் அரிவாளோடு அப்படியே வந்துவிட்டார். மேடம் ஏதோ ஸ்டூடியோவில் வாங்கி ஏற்றியிருந்த மஞ்சுவிரட்டுப் படம் வந்தது. கறுப்புக் காளை, அதன் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கும் ஓர் இளவட்டம். அண்ணனின் மூச்சு என் காதில் சுட்டது. "தம்பி" என்றார். தட்டினேன், மணி அடிக்கவில்லை. "எங்க தம்பிடா. மறுபடி அடி." மாடு குத்திச் செத்த அவர் தம்பி இவன்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டுக்காரன் துக்கத்துக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று இளநீர் வெட்டும்போதெல்லாம் பொருமுவார். அடுத்து "கொலை" என்றார். மணி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "கொம்பு" என்றார். மணி அடித்தது.

அந்தப் பக்கம் சிரித்தபடி எழுந்து கை நீட்டியவர் அந்தக் காளையின் சொந்தக்காரர். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை மேடம்தான் பிடித்து உட்காரவைத்திருந்தார். "யாருங்க அது, கொம்புன்னு கரெக்டாச் சொன்னீக! நான் எங்க கறுப்பு, எங்க கறுப்புன்னே…"

முடிக்கவில்லை. முதல் வெட்டு பலகையில் இறங்கியது. பிடுங்கி வீசிய அடுத்த வெட்டு அவர் தோளில். எலும்பில் பட்ட அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கீபோர்டெல்லாம் ரத்தம். குறுக்கே பாய்ந்த மேடத்தின் உள்ளங்கை பிளந்தது. நான் மேசைக்கு அடியில் கிடந்தேன், வீரனெல்லாம் இல்லை.

போலீஸ் இழுத்துப் போகும்போது அண்ணன் வாசலில் கால் ஊன்றி நின்றார். "மேடம், நான் மொதல்ல சொன்னது தம்பி. அது சேராதா?"

கையில் சுற்றிய துண்டு நனைந்துகொண்டே இருக்க, மேடம் சொன்னார்: "அங்குட்டு இருந்தவுக சொல்லலையேப்பா."

மாட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். மேடம் விளையாட்டை அன்றோடு நிறுத்தினார், தூக்கி எறிய இருந்த பலகையை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது எதைக் கேட்டாலும் என் மகளின் போனில் படம் கொட்டுகிறது. ஒருநாள் மாடியில் உட்கார்ந்து "கொம்பு" என்று தட்டினேன். மாடு மாடாக வந்தது. பலகையின் வெட்டில் விரலை வைத்துக்கொண்டு "தம்பி" என்று தட்டினேன். யார் யாருடைய தம்பிகளோ வந்தார்கள். அவன் வரவில்லை.