பூஜையில் இருந்த இரண்டு கத்திகள்

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஆம்புலன்சில் உதவியாளராக இருக்கிறேன். சீட் பெல்ட், துணி அறுக்க வண்டியின் கருவிப் பெட்டியில் எப்போதும் இரண்டு கத்தி இருக்கும். ஒன்று மழுங்கினால் உதவ இன்னொன்று.

ஓர் ஆயுத பூஜை அன்று நோயாளியை வீட்டில் விட்டுத் திரும்பும்போது, ஓசூர் ரோட்டில் எங்கள் கண்ணெதிரே ஒரு பெண்ணின் துப்பட்டா ஸ்கூட்டர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவள் தலை சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்கூட்டர் ஓட்டிவந்த கணவர் கழுத்தை இறுக்கிய துணிக்குள் விரலை விட்டுப் பிடித்திருந்ததால் மூச்சு வந்தது.

பெட்டியைத் திறந்தால் ஒரு கத்தியும் இல்லை.

"ரெண்டையும் பூஜையில வச்சுட்டேண்ணே. நாளைக்குத்தானே எடுக்கணும்" என்றான் டிரைவர் சிவா.

வண்டியை மட்டும் காலையிலேயே எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டலாமாம், கத்தியைத் தொட்டால் சாமி குற்றமாம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முறுக்கேறிய துணியில் கத்தரிக்கோல் இறங்கவில்லை. ரோட்டோரம் பூசணிக்காய் விற்றவரின் கத்தியை வாங்கி அறுத்தேன். அதன் கூர்முனை அவள் கழுத்தில் படாமல் அறுத்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவள் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"பூஜை அன்னிக்கு சாமி காப்பாத்திருச்சுண்ணே" என்று சிவா கும்பிட்டான். எனக்குக் கெட்ட வார்த்தைதான் வாய்வரை வந்தது.

இப்போது முனை மொட்டையான ஒரு கத்தியை உறையோடு இடுப்பில் மாட்டியிருக்கிறேன். பூஜைக்குப் பெட்டியில் இருக்கும் கத்திகளை மட்டும்தான் கொடுப்பேன். சிவாவும் விடுவதாக இல்லை. வருஷா வருஷம் குனிந்து என் இடுப்பிலேயே அதற்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.