மூன்றாம் ஓலை

என் அண்ணன் மரிய ஜெரால்டின் கல்யாணம் நின்றுபோனதற்கு எங்கள் ஊரில் மூன்று காரணம் சொல்வார்கள். காரைக்குடியில் ஒருத்தியை வைத்திருந்தான் என்பார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார்கள். டிவி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே இருந்ததில் ஷாக் அடித்து மூளை கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்வார்கள். உண்மைக் காரணத்தை அவனே கோவிலில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். கேட்டவர்களே இப்படிப் பேசித் திரிந்தால் கோபம் வருமா வராதா? அதனால்தான் அவன் தங்கை பெல்சி, நானே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரியக்குடிக்குத் தெற்கே சின்ன வேதக்கார ஊர், எல்லாரும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அப்பா இஞ்ஞாசிமுத்து பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் கோவில் உபதேசியார் ஆனார். சாமியார் ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்றபடி ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் படித்துக்கொடுப்பது, அறிக்கை வாசிப்பது எல்லாம் அப்பாதான். கோவில் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு காரைக்குடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். தெரு முனையில் சிரித்தால் வீட்டில் கேட்கும். சட்டையை வேறு யாரும் இஸ்திரி போட விடமாட்டான். ரசத்தில் உப்பு கூடினால் அம்மாவோடு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அதே ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடிப்பான்.

கடைக்கு எதிரே உரக்கடை வைத்திருந்த சிவபிரகாஷ் அவனுடைய நண்பன் என்று வீட்டில் நினைத்தார்கள். நட்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனே சொன்னான். முதலில் எனக்குப் புரியவில்லை, பிறகு பயமாக இருந்தது, பிறகு பழகிப்போனது. தொண்ணூற்றைந்து வைகாசியில் சிவபிரகாஷுக்கு வீட்டில் பெண் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டான். அண்ணன் அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்தான்.

நாலு மாதம் கழித்து சிவபிரகாஷின் மனைவி ரோகிணி, பாடவில்லை என்று ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை.

"அண்ணே, அவுக உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாகளாம். எம்மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல" என்று அழுதிருக்கிறாள்.

அன்று அண்ணன் சாப்பிடாமல் படுத்தான். "அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல, பெல்சி?" என்று கேட்டான்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊரிலேயே கீழத்தெருவில் பால்வாடி டீச்சராக இருந்த பெனிட்டாவை அவனுக்குப் பேசினார்கள். வேண்டாம் என்றான். கூச்சப்படுகிறான் என்றார்கள். மறுபடியும் வேண்டாம் என்றான். அம்மா ஞானபூரணி, பிரஷர் மாத்திரையைச் சாப்பிடமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நிச்சயத்தன்று அண்ணன் வாயே திறக்கவில்லை. இதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. அது அவன் செய்த தப்பு.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் வாசிப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒருவரும் ஒரு தடையையும் தெரிவித்ததில்லை. முதல் ஓலையையும் இரண்டாம் ஓலையையும் அப்பா கணீரென்று வாசித்தார். மகன் கல்யாண ஓலை அல்லவா?

இரண்டாம் ஓலைக்குப் பிறகு அண்ணன் சாமியாரிடம் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னான். ரத்த உறவு, முந்தின கல்யாணம், துறவற வாக்கு இதெல்லாம்தான் தடை, நீ சொல்வது அந்தக் கணக்கில் வராது, கட்டிக்கொண்டால் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் அனுப்பிவிட்டார். அண்ணன் நேரே பெனிட்டாவிடம் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பால்வாடியில் அவன் சொன்னதையெல்லாம் அவள் நின்றபடியே கேட்டாள்.

"இத நிச்சயத்துக்கு முந்தியில்ல சொல்லியிருக்கணும்?" என்றாள்.

"தப்புத்தான்."

"இப்பச் சத்தமில்லாம நின்னா பழி யாரு மேல வரும்? பொண்ணுகிட்ட ஏதோ கோளாறுன்னுதான் பேசுவாக. எங்க சின்னம்மாவுக்கு ரெண்டாம் ஓலையோட நின்னுச்சு. இன்னைக்கி வரைக்கும் பொண்ணு கேட்டு ஒருத்தரும் வரல. நீங்க நிறுத்துறதா இருந்தா எல்லாருக்கும் தெரிய நிறுத்துங்க. காரணத்தையும் உங்க வாயாலயே சொல்லுங்க."

"சொல்லுறேன்" என்றான் அண்ணன்.

தொண்ணூற்றாறு ஜனவரி, மூன்றாவது ஞாயிறு. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், தரையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் பெனிட்டா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா ஓலையை வாசித்து, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்ற இடத்துக்கு வந்தபோது அண்ணன் எழுந்தான்.

"உக்காருடா, இன்னும் முடியல" என்றார் அப்பா. வெளியே போக எழுந்ததாக நினைத்துவிட்டார்.

"தடை இருக்குப்பா. தெரிஞ்சவக சொல்லணும்னு மூணு வாரமா நீங்கதான வாசிக்கிறீக."

சாமியார் பீடத்திலிருந்து, "அப்புறம் தனியாப் பேசிக்கலாம், தம்பி" என்றார்.

"தனியாச் சொல்லிப் பாத்துட்டேன் சாமி. நீங்க கேக்கல." அண்ணன் பெண்கள் பக்கமும் கேட்கும்படி திரும்பி நின்றான். "எனக்குப் பொண்ணுக மேல ஆசை வராது. ஆம்பளைக மேலதான் வரும். வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அப்பிடித்தான். அத மறைச்சு ஒரு பொண்ணைக் கட்டி, அவ காலத்தைக் கெடுக்க மாட்டேன். பெனிட்டா மேல ஒரு குறையும் கிடையாது. என் மேலயும் கிடையாது. நிச்சயத்துக்கு முந்தியே சொல்லாதது மட்டுந்தான் என் தப்பு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெனிட்டா மட்டும் தலையைக் குனியாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையிலிருந்த காகிதத்தைத் திருப்பினார். கோவிலுக்கு வெள்ளையடிக்க வீட்டுக்கு இவ்வளவு தர வேண்டும் என்ற அடுத்த அறிவிப்பை, அதே குரலில் கடைசிவரை வாசித்தார்.

அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாதான் பேசிப் பேசி மாய்ந்தாள்.

"மெட்ராசுப் பக்கம் போயிரு அய்யா. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துருவாக."

"நான் என்ன களவாண்டுட்டா நிக்கிறேன், ஊரை விட்டு ஓட? கடை இங்க இருக்கு, வீடு இங்க இருக்கு. நான் ஏம்மா போகணும்?"

"பெல்சியப் பொண்ணு கேட்டு யாருடா வருவா?"

இதற்கு நான்தான் பதில் சொன்னேன். "இவனை வெரட்டுனாத்தான் எனக்குத் தாலி கட்டுவேன்னு சொல்லுற மாப்ள எனக்கு வேண்டாம்."

பெனிட்டாவை ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வழி வைக்காமல்தானே அண்ணன் பேசியிருந்தான்? இன்னொரு இடம் வந்து மறு வருடமே அவளுக்குக் கல்யாணம் ஆனது. ஊர் வாய் முழுக்க அண்ணன் மேல்தான். இனி அவனிடம் யாரும் டிவி கொடுக்கக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். அந்த வைராக்கியம் மூன்று வாரம்தான் நின்றது. பிப்ரவரியில் உலகக்கோப்பை கிரிக்கெட் வந்துவிட்டது.

ஊரிலேயே பெரிய கலர் டிவி கோவில் கமிட்டித் தலைவர் சவரியப்பன் வீட்டில் இருந்தது. இந்தியாவின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் அதில் படம் போய்விட்டது. கொல்லைப்பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போகும்படி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

"வாசல் வழியாக் கூப்பிட்டா வாரேன்னு சொல்லு. கொல்லை வழியாப் போறதுக்கு நான் என்ன கோழி திருடவா போறேன்?" என்று பதில் அனுப்பினான் அண்ணன்.

ஆட்டத்தன்று டிவி ஓடவில்லை. முதல் ஆட்டத்தையே பக்கத்து வீட்டில் பார்க்க வேண்டி வந்தது சவரியப்பனுக்குப் பெரிய மானக்கேடாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டிவிட்டார். நான் கோவில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"உபதேசியாரே, புள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்குடுக்கிற வீடு உங்க வீடு. மகனை வெளியூருக்கு அனுப்பிருங்க. இல்லாட்டி இந்த வேலைக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்" என்றார் சவரியப்பன்.

அப்பா எழுந்து நின்றார். அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவன் சொன்னதக் கேட்டு எனக்கு இன்னும் மனசு ஆறல" என்றார் அப்பா. "ஒரு மாசமா அவங்கூட நான் பேசல. இனிமே பேசுவேனான்னும் தெரியல. அது எங்க வீட்டு விசயம்." இடுப்பிலிருந்து கோவில் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "உபதேசியார் வேலைக்கு நீங்க வேற ஆள் பாத்துக்கிரலாம். அவனுக்கு வேற அப்பன் கிடையாது."

வீட்டுக்கு வந்தும் அப்பா அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதான்.

அடுத்த ஞாயிறு காலை அப்பா வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அண்ணன் குளித்து வரும்வரை நின்றார். இருவரும் பேசாமலே நடுத்தெரு வழியாகக் கோவிலுக்கு நடந்துபோய், ஆண்கள் பக்கம் முன்வரிசையில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.