அத்தை தின்ற சர்க்கரை ரோஜாக்கள்

அந்த வாரம் மழை விடவேயில்லை. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று தெருவில் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. எனக்குப் பூ காயவில்லை.

கல்யாண கேக்குகளின் மேல் வைக்கிற சர்க்கரைப் பூக்களைச் செய்வதுதான் என் பிழைப்பு. அதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருந்தேன். தோலின் ஓரத்தை மெஷினில் கொடுத்துச் சீவி மெல்லிசாக்குகிற வேலை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோனபோது அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. என் கணவர் தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான்தான் வேலையை விட்டு நின்றேன். வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவளுக்கு வேலை போதவில்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேலூருக்குப் போய் வந்து ஒரு வகுப்பில் கேக் கற்றேன். கேக் செய்யத் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். பூ செய்கிறவர்கள் கம்மி. அப்படித்தான் பூவுக்கு வந்தேன்.

பொடித்த சர்க்கரையில் கோந்துத் தூளும் முட்டை வெள்ளையும் போட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி திரளும். அதைத் தேய்த்துத் தேய்த்து, கீழே விரல் வைத்தால் ரேகை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, இதழ் இதழாக வெட்ட வேண்டும். ஒரு கம்பியின் தலையில் மொட்டை நிறுத்தி அதைச் சுற்றி இதழ்களை ஒட்ட வேண்டும். ஒரு சுற்று ஒட்டியதும் காய விட்டு, பிறகுதான் அடுத்த சுற்று. வெயில் காலத்தில் இது தானாக நடக்கும். மழையில் சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். காலையில் நிமிர்ந்து நின்ற ரோஜா மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

அந்த வார ஆர்டர் வாணியம்பாடியில் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு. மூன்று அடுக்கு கேக். கேக்கைப் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் செய்து வாங்கி, நான் பூ வைத்துக் கொடுக்க வேண்டும். மேலிருந்து கீழே வழிகிற மாதிரி வெள்ளை ரோஜாக்கள், நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு. பெண்ணின் அம்மா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இதே மாதிரி வேண்டும், ஜெலட்டின் மட்டும் சேர்க்கக் கூடாது, அது ஹலால் இல்லை என்றார். நான் ஜெலட்டின் சேர்ப்பதில்லை. படத்தில் இருந்த கேக் எந்த நாட்டிலோ, மழை பெய்யாத ஊரில் செய்தது என்று சொல்ல நினைத்தேன். சரி என்றேன்.

எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத இடம் அத்தையின் அறை ஒன்றுதான். அவருக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் தெர்மாகோல் பலகையை வைத்து, கம்பிகளைக் குத்தி நிறுத்தி, மேலே ஒரு குண்டு பல்பைக் கட்டி எரியவிட்டேன். அந்தச் சூட்டில்தான் பூக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகின. அத்தை அவற்றைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. பக்கவாதத்துக்கு முன்னால் ஆற்காடு பக்கம் யார் போனாலும் மக்கன் பேடா வாங்கி வரச் சொல்லி, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் தின்கிற ஆள். விழுந்த பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினோம். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கோதுமை தோசை. அவர் முனகியதில்லை. அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கேக் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மழையில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நின்று, நனைந்து, திரும்ப நேரமாகிவிட்டது. பூ இறுகியிருக்கிறதா என்று பார்க்க நேராக அத்தையின் அறைக்குத்தான் போனேன்.

முன்வரிசை முழுவதும் காணோம். பலகையில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. அத்தையின் மார்மேல் போர்வையில் பச்சைக் கம்பிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. அவர் உதட்டிலும் மோவாயிலும் இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்தது. வாயில் இன்னும் ஏதோ இருந்தது. என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னா அத்த பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டது எனக்கே தெரியவில்லை. "நாளைக்குக் கல்யாணம். நான் இப்போ எங்க போவேன்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கம்பி ஞாபகம் வந்தது. ஒரு பூவுக்கு ஒரு கம்பி. ஓட்டைகளை எண்ணினேன், கம்பிகளை எண்ணினேன். ஒரு கம்பி குறைந்தது. போர்வையை உதறினேன், தலையணையைத் தூக்கினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன். இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினேன். பாதி கரைந்த இதழ்தான் வந்தது.

"கம்பிய முழுங்கினீங்களா?"

"தெரில," என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும். அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரரும் நானும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆனால் என் கணவரிடம் என்னவென்று சொல்வது? மகன் வாங்கிக் கொடுக்காத இனிப்பை மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாக நட்டு வைத்தாள் என்றா?

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதற்காகப் புடவையைத் தளர்த்தும்போது நர்ஸம்மா, "இதுவா பாருங்க," என்று கையை நீட்டினார். விழாத பக்கத்து ஜாக்கெட் கையின் மடிப்பில் கம்பி சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேவிலும் ஒன்றுமில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, குறைந்த பிறகு கூட்டிப்போகலாம் என்றார்கள்.

அங்கேயே அவர் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஈரப் புடவை உடம்பில் ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து தோள்வரை, ஷூ கம்பெனியில் வாங்கிவந்த வலி, ஒரே இழுப்பாக இழுத்தது. கோபம்கூடத் தீர்ந்து போயிருந்தது.

"ஏன் அத்த தின்னீங்க?" என்று கேட்டேன். "கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருப்பேனே." அது பொய். கொடுத்திருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும்.

அத்தை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ரூமுக்கு எத்தினி வாட்டி வர்ற. அதுங்கள திருப்பித் திருப்பிப் பாக்குற. காஞ்சிச்சா, சாஞ்சிச்சான்னு தொட்டுப் பாக்குற. அப்டியே போய்டுற. நானும் அங்கதானே கெடக்குறேன்."

இதைக் கேட்டு மனம் உருகியது என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது அழுகை, அதுவும் ஆத்திரத்தில். "பின்ன உங்கள யாரு அத்த பாக்குறது? காலைல எழுப்பி ஒடம்பு தொடைக்கிறது யாரு? பீ மூத்திரம் யாரு எடுக்குறா? தோச யாரு ஊட்டுறா? பூவ நான் ஆசைக்கா பாக்குறேன்?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை, வேலை செய்கிற வலது கையை நீட்டி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கை பிசுபிசுவென்று இருந்தது. பிடித்தபடியே, "நல்லாவே இல்லம்மா அது," என்றார். "வெறும் தித்திப்பு. வாசனையே இல்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரை அங்கே விட்டுவிட்டு, வெளியே போய் வாணியம்பாடிக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் எண்ணை அழுத்தினேன். பெண்ணின் அம்மாவை நான் ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆபா, மன்னிச்சுக்குங்க. வீட்ல பேஷன்ட்டு, ஆஸ்பத்திரில இருக்கேன். பூ கொஞ்சம் வீணாப் போச்சு. படத்துல இருக்குற அளவுக்கு வராது."

"அட, அதுக்கா இவ்ளோ பேஜாராகுற? கம்மியா வையிம்மா," என்றார் அவர். பின்னால் ஒரே கூச்சல், பாத்திரம் உருளும் சத்தம். "மேல ரெண்டு, கீழ ரெண்டு இருந்தா போதும். எவன் அதப் பாக்கப் போறான். கேக்கு டைமுக்கு வந்துரணும், அவ்ளோதான். பெரியவங்கள நல்லாப் பாத்துக்கோ."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். போனை வைத்த பிறகு, அந்த வாரம் முழுக்கக் குனிந்திருந்த கழுத்துதான் ஞாபகம் வந்தது. ரெண்டு போதும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அத்தையை ராத்திரியே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மறுநாள் மண்டபத்தில் கேக்கை அடுக்கி, மிஞ்சிய ரோஜாக்களைப் பக்கவாட்டில் மட்டும் வைத்து முடித்தேன். பரவாயில்லாமல்தான் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுத்துக்கொண்டார்கள். வெட்டும்போது கேட்டரிங்காரர் பூக்களை முதலில் பிடுங்கி, ஒரு பேப்பர் தட்டில் போட்டு ஓரமாகத் தள்ளினார். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். கம்பி இருக்கிறதே. ஒரு சின்னப் பெண் அதில் ஒன்றை எடுத்து வாயருகில் கொண்டுபோனாள். அவள் அம்மா கையைத் தட்டிவிட்டு, "சீ, அது பிளாஸ்டிக்," என்றாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். திருத்திச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. இத்தனை வருடத்தில் என் பூவைத் தின்று பார்த்து நன்றாக இல்லை என்று சொன்ன ஒரே ஆள் வீட்டில் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. பூக்களைச் சமையலறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அங்கே காய இன்னும் நேரமாகிறது. இதழ் தேய்க்கிற வேலையை மட்டும் அத்தையின் அறையில், அவர் கட்டிலோரம் உட்கார்ந்து செய்கிறேன். அவர் பாதி நேரம் தூங்குகிறார். விழித்திருந்தால் எதிர்வீட்டில் யார் வந்தார்கள் என்று கேட்கிறார். சில சமயம் பதில் சொல்கிறேன். சில சமயம் "ம்" மட்டும்தான்.

தை பிறந்ததும் கல்யாண ஆர்டர்கள் வரிசையாக வந்தன. ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறூட்டிவிட்டு, அதே அறையில் பாயை விரித்துக் கொஞ்சம் சாய்ந்தேன். கண் சொருகுகிற நேரத்தில் கூடத்தில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"போன் அடிக்குதும்மா," என்றார் அத்தை.

"அடிக்கட்டும் அத்த," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.